திரைக்கதைக்கு ஓர் ஆற்றுப்படை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையும் சிறுகதையும் ஒலித்த இம்மன்றத்தில் திரைக்கதையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். முதன்முதலாகத் திரைக்கதை ஒன்றை எழுதி முடித்தவர் அதனை எவரிடம் எவ்வழியிற் சேர்ப்பது, அவர் சார்பில் பேசுவார் யார் என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். சங்க இலக்கியம் பயிற்றும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கோ, நம் மாவட்டத்தைப் பாடிய பழம்பாட்டே இப்பொருளில் எழுந்ததுதான் என்று தோன்றுகிறது.

இங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில் உள்ளது செங்கம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அவ்வூர்த் தலைவன் நன்னன் சேய் நன்னனைப் பாடுவது. 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய அப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்று மற்றொரு பெயரும் உண்டு. கூத்தர் என்போர் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்டு, இசைக்கருவிகளைச் சுமந்து, புரவலனைத் தேடி நடப்போர். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனைக் கண்டு, நீயும் அங்கே செல் என்று வழிகூறுகிறான். வழிகூறுதல் என்றால் திசையைக் கைகாட்டிவிட்டுப் போவதன்று. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்தபின் நடங்கள் என்கிறான். புனங்காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் படும், மரத்தின் மறைவிற் செல்லுங்கள் என்கிறான். எவ்விடத்து மக்கள் எவ்வுணவு தருவர், நன்னன் எவ்வாறு வரவேற்பான் என்பவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கூறுகிறான். மேலைநாட்டார் இலக்கிய முகவர் என்று எவரைக் குறிக்கின்றனரோ, அவர் செய்யும் பணி பெரும்பாலும் இதுவே. முகவர் நூற்றுக்குப் பத்து விழுக்காடு பெறுவார். நம் கூத்தன் ஒன்றும் பெறவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இப்பொருளை நான் விரும்பி ஏற்றதற்குக் காரணம் நம் வட்டத்து உறுப்பினர் ஒருவர். தம் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. ஆரணிப் பக்கத்துப் பள்ளியாசிரியை. இம்மேடையில் கவிதை படித்தவர். பட்டு நெய்யும் குடும்பமொன்றில் தறியை விற்கும் மூன்று நாள்களை 78 காட்சிகளாக எழுதி முடித்திருக்கிறார். நான் முழுவதும் படித்தேன். தறி பெயர்க்கப்பட்டபின் தரையிலுள்ள பள்ளத்தை என்ன செய்வதென்று அறியாமல் தாய் அதனுள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. உரையாடல் ஒரு சொல்கூட இல்லை. கவிதை பழகிய கை எழுதிய காட்சி அது.

கட்டுச் செய்த பிரதியோடு அவர் சென்னைக்கு நான்கு முறை சென்று வந்தார். சென்ற அலுவலகங்களிலெல்லாம் வாயிலிற் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: “யார் சொல்லி வந்தீங்க?” அடுத்த கேள்வி, யாரிடம் உதவி இயக்குநராக இருந்தீர்கள் என்பது. கதை என்ன என்னும் கேள்வி மூன்றாவதாகக்கூட வரவில்லை. நடிகரிடம் கதை சொல்ல நேரம் வாங்கித் தருவதாகக் கூறி ஒருவர் முன்பணம் கேட்டிருக்கிறார். ஊர் திரும்பியபின் அவர் என்னிடம் சொன்னது இது: “அம்மா, நான் எழுதினது சரியில்லைன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். யாருமே பிரிச்சுப் பார்க்கலை.”

யார் சொல்லி வந்தீர்கள் என்னும் அக்கேள்வியை நாம் இகழ்ந்து ஒதுக்கிவிட இயலாது. முன்பின் அறியாத ஒருவரின் படைப்பில் பெரும்பொருளை இடுவோர் ஒரு சான்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு விடையாக நிற்பதற்குத் தமிழ்த் திரையுலகில் எவ்வெக்காலத்தில் எவரெவர் இருந்தனர் என்பதே ஆராயத்தக்கது.

படநிலையங்கள் செழித்திருந்த காலத்தில் எழுத்தாளரை நிலையமே மாதச் சம்பளத்தில் வைத்திருந்தது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினியில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இயங்கியது. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் அதில் இருந்தனர். 1952 முதல் 1966 வரை அந்நிலையத்தில் பணியாற்றிய அசோகமித்திரன் தம் நினைவுக் குறிப்புகளில் அவ்விலாகாவைப் பற்றி எழுதியிருக்கிறார். கவிஞர்களுக்கு நடுவே வழக்கறிஞர் ஒருவரும் அங்கே இருந்தாராம். இலாகா மூடப்பட்டபோது அவருக்கும் வேலை போயிற்றாம். கவிஞரும் வழக்கறிஞரும் ஒரே அறையில் இருந்த காலம் அது. இன்றைய கவிஞர்க்கு அவ்வாய்ப்பு இல்லை என்பதை நகைச்சுவையாக மட்டும் நான் சொல்லவில்லை. பின்னர் இதற்கு வருகிறேன்.

நிலையத்திற்குள் இடம்பெற்றோர் நிலையும் எப்போதும் நன்றாக இருந்ததென்று கூற இயலாது. புதுமைப்பித்தன் ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்திற்கு எழுதினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று தாமே படநிறுவனம் தொடங்கி ‘வசந்தவல்லி’ எடுக்க முயன்றார், அது நிறைவேறவில்லை. ‘ராஜமுக்தி’ படத்திற்கு எழுதப் புனே சென்றவர் காசநோய் முற்றித் திரும்பி 1948இல் மறைந்தார். ஜெயகாந்தன் வேறு வழியில் சென்றார். வாயிலில் நிற்பதை விடுத்துத் தாமே இயக்குநராகி ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தை 1965இல் வெளியிட்டார். தேசிய அளவில் விருது கிடைத்தது. அவர்க்கு வாய்த்த துணிவும் நண்பர் கூட்டமும் எல்லார்க்கும் வாய்ப்பன அல்ல.

இயக்குநர் மகேந்திரனின் வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. காரைக்குடி அழகப்பா கல்லூரி மாணவராக இருந்தபோது எம்.ஜி.ஆர். முன்னிலையில் மேடையேறித் தமிழ்த் திரைப்படங்களைக் கண்டித்துப் பேசினார். அப்பேச்சே அவர்க்குப் பரிந்துரைக் கடிதமாயிற்று. பின்னாளில் எம்.ஜி.ஆர். அவரிடம் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைக் கொடுத்துத் திரைக்கதை எழுதச் செய்தார். எழுதி முடித்தார், படமாகவில்லை. அவர் இயக்குநராக அறிமுகமான ‘முள்ளும் மலரும்’ 1978இல்தான் வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வேறொருவர் இயக்கத்தில், வேறு திரைக்கதையில் வெளிவந்தபோது மகேந்திரன் உயிரோடு இல்லை. முதல் திரைக்கதை படமாகாமற் போனவருள் நம்காலத்தின் சிறந்த இயக்குநர் ஒருவரும் உண்டு என்பதை நம் ஆசிரியை நினைவிற் கொள்ளலாம். அன்றியும், அவ்வெழுத்து படமாகாவிடினும் அதனை எழுதியவரை அடுத்த வாயில்வரை கொண்டு சேர்த்தது.

பெண்கள் நிலை தனியே பேசத்தக்கது. டி.பி. ராஜலட்சுமி தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை 1936இல் ‘மிஸ் கமலா’ என்னும் படமாகத் தாமே தயாரித்துத் தாமே இயக்கினார். நடிகையாகப் பெற்றிருந்த புகழும் பொருளும் அவர்க்குத் துணைநின்றன. அத்துணை இல்லாத பெண் என்ன செய்தார்? கோடம்பாக்கத்துக் கதை விவாத அறைகள் அவர்க்கு உரியனவாக இல்லை. விடுதி அறை, நள்ளிரவு வரை நீளும் டிஸ்கஷன், ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி இயக்குநர் ஒருவர் பின்னே அலைதல் என்பனவே அங்கு நுழைவுச்சீட்டு. ஆகவே பெண்கள் எழுதிய கதை அஞ்சலில் வார இதழுக்குச் சென்றது. அச்சான இதழைப் படித்துவிட்டுத் திரையுலகம் அவர்களைத் தேடி வந்தது. அனுராதா ரமணனின் ‘சிறை’ ஆனந்த விகடனில் வந்த சிறுகதை, 1984இல் படமாயிற்று. சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ 1981இல் கே. பாலசந்தர் இயக்கத்திலும், ‘நண்டு’ அதே ஆண்டில் மகேந்திரன் இயக்கத்திலும் வந்தன. அக்காலத்துப் பெண் எழுத்தாளர்க்கு முகவராக நின்றது வார இதழே என்பது என் கருத்து. இலட்சக்கணக்கில் வாசகரைச் சேர்த்து அவர்களின் சார்பிற் பேசிய முகவர் அது. கதைக்கு இதழ்கள் ஒதுக்கிய பக்கம் இன்று சுருங்கிவிட்டது. திரைக்கதை வடிவிலேயே எழுதியதை வெளியிட அன்றும் இதழ் இல்லை, இன்றும் இல்லை. ஆதலால்தான் ஆரணிக்காரர் பிரதியைத் தாமே சுமந்து செல்ல வேண்டியதாயிற்று.

இன்று தமிழ்த் திரையுலகில் எழுத்தாளர்க்கென முகவர் முறை வேரூன்றவில்லை. மும்பையில் அத்தகைய நிறுவனங்கள் சில இயங்குகின்றன. அமெரிக்காவில் அது முழுமையான தொழில். முகவர் வழி வாராத பிரதியைப் பெரிய நிறுவனங்கள் பிரிப்பதே இல்லை. ஆயினும் அம்முறையைப் பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. 2019 ஏப்ரலில் அங்கே 7,000க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தம் முகவர்களை ஒரே நேரத்தில் நீக்கினர். எழுத்தாளர் பொருட்டுப் பேச வேண்டிய முகவர், படநிறுவனத்திடமே தனியே பணம் பெற்றுக்கொண்டால் யார் பக்கம் நிற்பார் என்பதே வழக்கு. அது முழுதும் தீர்ந்தது 2021இன் தொடக்கத்தில்.

நம்மிடம் முகவரின் இடத்தில் இருப்பது வாய். நரேஷன் என்று சொல்லப்படும் கதை சொல்லல். தயாரிப்பாளரும் நடிகரும் பெரும்பாலும் படிப்பதில்லை, கேட்கின்றனர். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் வெல்கிறார். நன்றாக எழுதத் தெரிந்தவர் வாயிலில் நிற்கிறார். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் வளர்ந்த நாட்டில் இதனைக் குறையென்று மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. கேட்டவர் மனத்தில் கதை தங்கிவிடுகிறது. சொன்னவர் பெயர் தங்குவதில்லை.

இதன் விளைவை 1978இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று காட்டுகிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தம் நாடகத்தை, தில்லிக்கு வந்த படத்தயாரிப்பாளரிடம் முழுவதும் படித்துக் காட்டினார். பஞ்சாபிக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் திருமண உறவில் முரண்படும் கதை. 1956இல் ‘நியூ டெல்லி’ என்ற படம் வந்தது. அதன் கருவும் அவ்வகையினதே. 22 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் கூறிய முடிபு: கருவிற்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவிற்கே உரிமை உண்டு. ஆனந்த் தோற்றார். நம் ஊர்ச் செய்தியும் உண்டு. ஆரூர் தமிழ்நாடனின் ‘ஜுகிபா’ 1996இல் இனிய உதயம் இதழில் வந்தது. 2010இல் வந்த ‘எந்திரன்’ அதன் நகலெனத் தொடுத்த உரிமையியல் வழக்கு 2023இல் தள்ளுபடியாயிற்று. ‘சர்கார்’ படத்தின்மீது 2018இல் வருண் ராஜேந்திரன் எழுப்பிய உரிமைக்கோரிக்கையோ வேறு முடிவு கண்டது. தம் ‘செங்கோல்’ கதையை 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் அவர் பதிவு செய்திருந்தார். இயக்குநர் நகலெடுத்ததை மறுத்தார். எனினும் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, படத்தில் அவர்க்கு நன்றி தெரிவிக்க ஒப்பினர். தேதியிட்ட ஒரு காகிதம் செய்த வேலை அது. கவண்கல் எங்கிருந்து வரும் என்று கூத்தன் சொல்லியது போல இவற்றையும் நாம் சொல்லி அனுப்ப வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சில. எழுதிய அக்கணமே எழுதியவர்க்குப் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது சான்று மட்டுமே. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் கவிஞர்கள் யாப்பிலக்கணம் போல மனப்பாடம் செய்யலாம். எழுத்தில், கையொப்பத்தோடு தரப்படாத உரிமை மாற்றம் செல்லாது. உரிமை பெற்றவர் ஓராண்டிற்குள் அதனைப் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தத்தில் வேறு கூறியிருந்தாலன்றி, அது காலாவதியாகும். காலவரையறை குறிக்கப்படாத ஒப்பந்தம் 5 ஆண்டிற்கே செல்லும். எல்லை குறிக்கப்படாவிடின் இந்தியாவிற்குள் மட்டும். 2012இல் வந்த திருத்தம், திரையரங்கிற்கு வெளியே படம் ஈட்டும் வருவாயில் எழுத்தாளர்க்குரிய உரிமத்தொகையை அவரே எழுதிக் கொடுத்தாலும் பறிக்க இயலாது என்கிறது. நடைமுறையில் இது பாடலாசிரியர்க்கு உதவிய அளவு திரைக்கதையாளர்க்கு இன்னும் உதவவில்லை. அட்வான்ஸ் என்று சிறுதொகையைக் கையில் வைத்து, வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்போரிடம் 19ஆம் பிரிவு என்று ஒரு சொல் சொன்னாலே கேட்கும் குரல் மாறும். ஜெமினி அறையிலிருந்த அவ்வழக்கறிஞர் இதற்குத்தான் வேண்டும். நம் வட்டத்தில் வழக்கறிஞர்கள் மூவர் இருக்கின்றனர். மூவரும் வெண்பா எழுதுகிறார்கள். ஒரு மாதத்திற்கு வெண்பாவை நிறுத்திவிட்டு இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்று எழுதித் தருமாறு இம்மேடையிலிருந்தே வேண்டுகிறேன்.

செல்லத்தக்க வாயில்களும் இல்லாமல் இல்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் திரைக்கதைப் பயிலரங்கு நடத்தி வருகிறது. அங்கே யார் சொல்லி வந்தீர்கள் என்ற கேள்வி இல்லை. கதைச் சுருக்கமும் எழுத்துமே நுழைவு. ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ என்ற படத்தின் திரைக்கதை, ஒரு பெண் எழுதியது, அப்பயிலரங்கில் வளர்ந்ததே. இதற்கு ஒருவரிக் கதை, இரண்டு மூன்று பக்கச் சுருக்கம், முழுப்பிரதி என்று மூன்றையும் தனித்தனியே செய்து வைத்தல் வேண்டும். சுருக்கம் எழுதுவது முழுக்கதை எழுதுவதினும் கடினம். முடிவை மறைத்து ஆவலைத் தூண்டும் விளம்பரம் அன்று அது. முடிவையும் சொல்லியே தீர வேண்டும். தயாரிப்பாளர்க்கு அனுப்புவதாயின் அவர் இதற்குமுன் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, இவருக்கு இக்கதை ஏன் என்று நான்கு வரியில் கடிதம் எழுதலாம். எவர்க்கு, எந்நாளில், எவ்வழியில் அனுப்பினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நகலெடுப்பு வழக்குகளில் எதிராளி பிரதியைக் கண்டிருந்தார் என்று காட்டுவதற்கு அந்நோட்டு உதவும். நேரம் வாங்கித் தரப் பணம் கேட்பவர் முகவர் அல்லர். முகவர்க்குப் பங்கு உண்டு. ஆனால் எழுத்தாளர்க்கு வந்தபின்னரே அவர்க்கு வரும்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அதியமானிடம் சென்றபோது, அவன் காணாமலே பரிசில் அனுப்பினான். தம் தகுதியை அறிந்து, கண்டு தருவதே வேண்டும் என்று அவர் அதனை மறுத்தார். தகடூர் நமக்கு அடுத்த மாவட்டம்தான். ஆரணி ஆசிரியை கேட்டதும் அதுவே. பரிசில் இல்லையெனினும் படித்துவிட்டு இல்லை என்று சொல்லுங்கள் என்றார். படிப்பதற்கு ஆள் இல்லாமற் போனதற்குச் சென்னையை மட்டும் குறைகூறிப் பயனில்லை என்று நினைக்கிறேன். பத்தாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்திய நாம் ஒரு திரைக்கதையைக்கூட அமர்ந்து கேட்டதில்லை. சினிமா இலக்கியமாகுமா என்ற விவாதம் மட்டும் நான்கு முறை நடந்தது. நான்கிலும் நான் இருந்தேன். இருதரப்பிலும் எவரும் ஒரு திரைக்கதைப் பிரதியைக் கையிற் கொண்டு வரவில்லை.

எனவே பொறுப்பாளர்களின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அத்திரைக்கதை முழுவதையும் படிக்கிறோம். ஆசிரியையே படிப்பார், தாயின் பகுதியை மட்டும் வேறொருவர் படிக்க வேண்டும் என்கிறார். இரண்டரை மணி நேரமாகும். சங்கப் பதிவு முடிந்துவிட்டது. பதிவெண்ணும் தேதியும் முதற்பக்கத்தில் இருக்கும். கூட்டக் குறிப்பேட்டில் தலைப்பும் காட்சி எண்ணிக்கையும் கேட்டோர் கையொப்பமும் இடம்பெறும். திரைத்துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர் இருவர் வர ஒப்பியுள்ளனர். பிடித்திருந்தால் தங்களுக்குத் தெரிந்த ஒரே ஒருவர்க்கேனும் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கின்றனர். பிடிக்காவிடின் எந்தக் காட்சியில் பிடிக்காமற் போயிற்று என்று எழுதித் தருவர். நிகழ்ச்சியைப் பௌர்ணமியன்று வைத்தால் கிரிவலக் கூட்டத்தில் வெளியூர் அன்பர்க்குப் பேருந்தில் இடம் கிடையாது. ஆதலின் அதற்கு முந்தைய ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். பிரதிகள் முப்பது மட்டுமே. படித்து முடித்ததும் அனைத்தையும் எண்ணித் திரும்பப் பெற்றுக்கொள்வோம். யாரும் தவறாக எண்ண வேண்டாம். பென்சில் கொண்டு வாருங்கள்.